போயர் போரும் எட்டாவது பிரிவும்: தென்னாப்பிரிக்க நிலத்தகராறின் முன்கதை

தென்னாப்பிரிக்காவில் 2025 ஜனவரியில் நிலம் கையகப்படுத்தும் புதிய சட்டம் கையெழுத்தானது. அதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, அந்நாட்டின் ஆப்பிரிக்கானர்களை அகதிகளாக ஏற்கப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. மே மாதம் முதல் குழுவினர் விமானத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. ஆப்பிரிக்கானர் என்போர் யார்? மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள வெள்ளையர்களிடம், தனிநபர் பெயரிலுள்ள விவசாய நிலத்தில் 72 விழுக்காடு இருப்பதாக 2017ஆம் ஆண்டின் அரசு நிலத்தணிக்கை சொல்கிறதே, அது எப்படி நேர்ந்தது?

இரண்டாவது கேள்விக்கு விடை தேடுபவர்கள் வழக்கமாக 1948இல் தொடங்கிய நிறவெறி ஆட்சியில் போய் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1899 அக்டோபர் முதல் 1902 மே வரை போயர்களும் பிரிட்டிஷ் பேரரசும் நடத்திய போரையும், குறிப்பாக அது முடிக்கப்பட்ட விதத்தையும், அதாவது சமாதான உடன்படிக்கையின் எட்டாவது பிரிவையும் பார்க்காமல் இந்தக் கணக்கு விளங்காது.

முதலில் சில சொற்கள்

டச்சு மொழியில் ‘போயர்’ என்றால் உழவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கிடைப்பதற்காக 1652இல் நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்கல் நிலையத்தை அமைத்தது. அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், பிரான்சிலிருந்து தப்பிவந்த புராட்டஸ்டண்டுகள் ஆகியோரின் வழித்தோன்றல்களே போயர்கள். அவர்கள் பேசிய டச்சு காலப்போக்கில் ஆப்பிரிக்கான்ஸ் என்னும் தனிமொழியானது. ‘ஆப்பிரிக்கானர்’ என்ற பெயர் இந்த மொழிச் சமூகத்தைக் குறிக்கும்.

‘கொமாண்டோ’ என்று இன்று நாம் சிறப்புப் படையினரைச் சொல்கிறோம். அந்தச் சொல் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் போயர்களே. அவர்களிடம் நிரந்தரப் பெரும்படை கிடையாது. 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் அழைப்பு வந்தவுடன் சொந்தக் குதிரையோடும் துப்பாக்கியோடும் வந்து கூடவேண்டும். தங்கள் அதிகாரிகளை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிக் கூடிய மாவட்டப் படைதான் கொமாண்டோ.

மூன்றாவது சொல்லில் தமிழ் வாசகர் சற்றுக் கவனமாக இருக்கவேண்டும். ‘கான்சன்ட்ரேஷன் கேம்ப்’ என்பதை நாம் ‘வதைமுகாம்’ என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். அது ஹிட்லரின் கொலைக்கூடங்களை மனத்தில் வைத்து உருவான சொல். தென்னாப்பிரிக்கப் போரில் அந்தப் பெயரால் குறிக்கப்பட்டது, கிராமப்புற மக்களை ஓரிடத்தில் திரட்டி அடைத்துவைத்த முகாம். கொல்வது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம் அன்று. ஆனாலும் பல்லாயிரம் பேர் அதில் மாண்டார்கள். இந்த வேறுபாட்டைக் காப்பதற்காக இக்கட்டுரையில் ‘தடுப்பு முகாம்’ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. நடந்த கொடுமையின் அளவை இது குறைக்காது.

இரண்டு குடியரசுகள் எப்படி உருவாயின

நெப்போலியப் போர்களின் காலத்தில் பிரிட்டன் நன்னம்பிக்கை முனையைக் கைப்பற்றியது. 1814இல் அது முறைப்படி பிரிட்டிஷ் உடைமையானது. ஆங்கிலேய நிர்வாகமும், 1834இல் நடைமுறைக்கு வந்த அடிமைமுறை ஒழிப்பும், அதற்குக் கிடைத்த சொற்ப இழப்பீடும் போயர்கள் பலருக்குக் கசந்தன. 1830களின் நடுவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மாட்டுவண்டிகளில் குடும்பத்தோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். ‘மாபெரும் பயணம்’ என்று ஆப்பிரிக்கானர்கள் பெருமையோடு நினைவுகூரும் இந்த இடப்பெயர்வு ஆளில்லாத நிலத்தை நோக்கி நடக்கவில்லை. அங்கே ஜூலு, சோத்தோ, த்ஸ்வானா, பெடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு நடந்த போர்களின் வழியாகவே போயர்கள் நிலம் பிடித்தார்கள். இப்படிப் போயர்கள் அமைத்த இரண்டு குடியரசுகளில் டிரான்ஸ்வாலின் சுதந்திரத்தை 1852இலும், ஆரஞ்சு சுதந்திர நாட்டின் சுதந்திரத்தை 1854இலும் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது.

1877இல் பிரிட்டன் டிரான்ஸ்வாலைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1880 டிசம்பரில் போயர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1881 பிப்ரவரி 27 அன்று மஜூபா குன்றின் மீது பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார்கள். அதன் தளபதி ஜார்ஜ் காலி அங்கேயே கொல்லப்பட்டார். இதுவே முதல் போயர் போர். டிரான்ஸ்வாலுக்கு மீண்டும் தன்னாட்சி கிடைத்தது. ஆனால் வெளிநாட்டு உடன்படிக்கைகளில் பிரிட்டனின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் விடப்படவில்லை. பின்னாளில் டிரான்ஸ்வாலோடு தகராறு செய்யப் பிரிட்டனுக்கு ஒரு பிடி கிடைத்தது இங்கேதான்.

1886க்குப் பிறகு நிலைமை மாறியது ஏன்

அந்த ஆண்டில் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. புல்வெளியாக இருந்த இடத்தில் ஜோகன்னஸ்பர்க் நகரம் எழுந்தது. 1890களின் இறுதியில் உலகத் தங்க உற்பத்தியில் கால் பங்களவு டிரான்ஸ்வாலிலிருந்து வந்தது. அதுவரை வரிப்பணத்துக்குத் தடுமாறிய உழவர் குடியரசு தென்னாப்பிரிக்காவின் மிகப் பணக்கார நாடானது. போருக்கான காரணங்களை இங்கிருந்து வரிசைப்படுத்தலாம்.

1. வாக்குரிமைத் தகராறு. தங்கத்தைத் தேடி வந்து குவிந்த வெளிநாட்டவர்களைப் போயர்கள் ‘ஊயிட்லாண்டர்’, அதாவது வெளியார் என்றார்கள். பெரும்பாலும் பிரிட்டிஷார். வரி கட்டினார்கள், ஆனால் முழு வாக்குரிமை பெற 14 ஆண்டுகள் தங்கியிருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. அவர்களுக்கு உடனே வாக்குக் கொடுத்தால் நாடு தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்று குடியரசுத் தலைவர் பால் குரூகர் அஞ்சினார். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்ல முடியாது.

2. சுரங்க முதலாளிகளின் கணக்கு. ராண்ட் (விட்வாட்டர்ஸ்ராண்ட்) தங்கம் ஆழத்தில், தரம் குறைந்த தாதுவில் கிடைத்தது. ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் மிஞ்சும். வெடிமருந்து விலையும் ரயில் கட்டணமும் தொழிலாளர் கூலியும் சற்று உயர்ந்தாலும் லாபம் கரையும். வெடிமருந்து விற்பனையைக் குரூகர் அரசு ஏகபோக உரிமையாகக் கொடுத்திருந்தது முதலாளிகளை எரிச்சலூட்டியது.

3. ஜேம்சன் படையெடுப்பு. கேப் (நன்னம்பிக்கை முனை) குடியேற்றத்தின் பிரதமராகவும் வைரச் சுரங்க அதிபராகவும் இருந்த செசில் ரோட்ஸின் ஏற்பாட்டில், 1895 டிசம்பர் இறுதியில் ஜேம்சன் என்பவரின் தலைமையில் சுமார் 500 பேர் டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் எழவேண்டிய கிளர்ச்சி எழவில்லை. நான்கு நாளில் அனைவரும் பிடிபட்டார்கள். ரோட்ஸ் பதவி விலகினார். இதன்பின் குரூகர் ஜெர்மனியிலிருந்து மவுசர் துப்பாக்கிகளையும் பிரான்சிலிருந்து பீரங்கிகளையும் வாங்கிக் குவித்தார்.

4. ஆல்ஃபிரட் மில்னர். 1897இல் பிரிட்டனின் உயர் ஆணையராக வந்த இவர், தென்னாப்பிரிக்கா முழுவதும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் வரவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1899 மே இறுதியில் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் ஐந்து ஆண்டுத் தங்கலுக்கு வாக்குரிமை கேட்டார். குரூகர் ஏழு ஆண்டு வரை இறங்கிவந்தார். மில்னர் பேச்சை முறித்துக்கொண்டார்.

போர் தங்கத்துக்காகவா, பேரரசின் மேலாதிக்கத்துக்காகவா என்ற விவாதம் நூறாண்டுகளாக நடக்கிறது. இரண்டையும் பிரிக்க முயல்வதே தவறு என்பது என் கருத்து. தங்கம் இல்லாத டிரான்ஸ்வாலால் பிரிட்டனின் மேலாதிக்கத்துக்கு எந்த ஆபத்தும் நேர்ந்திருக்காது. பிரிட்டன் 10,000 பேர் கொண்ட கூடுதல் படையை அனுப்ப முடிவு செய்தது. எல்லையிலிருந்து படைகளை விலக்குமாறு 1899 அக்டோபர் 9 அன்று குரூகர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். இரண்டு நாளில் போர் மூண்டது. ஆரஞ்சு சுதந்திர நாடும் டிரான்ஸ்வாலோடு சேர்ந்துகொண்டது.

போரின் போக்கு

முதல் சில மாதங்கள் போயர்களுக்குச் சாதகமாக இருந்தன. லேடிஸ்மித், கிம்பர்லி, மேஃபெகிங் ஆகிய மூன்று நகரங்களை முற்றுகையிட்டார்கள். 1899 டிசம்பரின் ஒரே வாரத்தில் ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்ஃபொன்டெய்ன், கொலென்சோ ஆகிய மூன்று இடங்களிலும் பிரிட்டிஷ் படை தோற்றது. ‘கறுப்பு வாரம்’ என்று லண்டன் அதைக் குறிப்பிட்டது. புகை எழுப்பாத வெடிமருந்து, தொலைதூரம் பாயும் மவுசர், மண்ணில் தோண்டிய பதுங்குகுழி ஆகியவை சேர்ந்தபோது, நெருக்கமாக அணிவகுத்து முன்னேறிய காலாட்படைக்குத் தன்னைச் சுடுபவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியவில்லை.

1900 ஜனவரியில் ராபர்ட்ஸ் பிரபு தலைமைத் தளபதியாகவும் கிச்சனர் அவருக்குத் துணையாகவும் வந்து இறங்கினார்கள். பிப்ரவரி 27 அன்று, மஜூபா வெற்றியின் ஆண்டு நாளிலேயே, தளபதி குரோஞ்சே சுமார் 4,000 பேரோடு பார்டபெர்கில் சரணடைந்தார். மார்ச்சில் ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைநகரான புளூம்ஃபொன்டெய்னும் ஜூன் 5 அன்று டிரான்ஸ்வாலின் தலைநகரான பிரிட்டோரியாவும் வீழ்ந்தன. குரூகர் ஐரோப்பாவுக்குச் சென்றார். நாடு திரும்பாமலேயே 1904இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

போர் முடிந்துவிட்டதாகவே ராபர்ட்ஸ் எண்ணினார். ஆனால் தலைநகரம் என்பது போயர்களின் உயிர்நிலையாக இருக்கவில்லை. கிறிஸ்டியான் டெ வெட், கூஸ் டெ லா ரே, லூயி போத்தா, யான் ஸ்மட்ஸ் ஆகியோரின் கொமாண்டோக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து தண்டவாளங்களைத் தகர்த்தன, உணவு வண்டிகளைப் பிடித்தன, பிறகு புல்வெளியில் மறைந்தன. மேலும் இரண்டு ஆண்டுகள் இந்தக் கெரில்லாப் போர் நீடித்தது.

பண்ணை வீட்டின் மீது திரும்பிய போர்

கொமாண்டோவுக்குச் சோறும் குதிரைத் தீவனமும் தகவலும் தருவது பண்ணை வீடு. ஆகவே பண்ணை வீட்டையே இல்லாமல் செய்வது என்று பிரிட்டிஷ் தளபதிகள் முடிவெடுத்தார்கள். ராபர்ட்ஸ் தொடங்கிய இந்த நடைமுறையைக் கிச்சனர் முழு அமைப்பாக்கினார். அது இயங்கிய விதம் இதுதான்:

1. சுமார் 30,000 பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன. பயிர் கொளுத்தப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன அல்லது ஓட்டிச்செல்லப்பட்டன.

2. ரயில் பாதைகளை ஒட்டி ஏறத்தாழ 8,000 சிறு காவல் கொத்தளங்கள் எழுப்பப்பட்டு, அவற்றுக்கிடையே முள்கம்பி வேலி இழுக்கப்பட்டது. அந்த வேலிகளை நோக்கிக் கொமாண்டோக்களை வேட்டை விலங்குகளைப் போல விரட்டினார்கள்.

3. வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், பண்ணைகளில் வேலைசெய்த கறுப்பினக் குடும்பங்களும் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1901 ஜனவரியில் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நிவாரணப் பொருள்களோடு புளூம்ஃபொன்டெய்ன் முகாமுக்குப் போனார். நிழலற்ற சரிவில் வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. பகலில் கூடாரத்துக்குள் வெக்கையும் ஈயும். மழை பெய்தால் தரையில் படுத்திருப்பவர்களின் போர்வை வரை நனையும். சிலருக்கு வீடான கூடாரத்தில் கட்டிலோ மேசையோ இல்லை. குடிதண்ணீரைக் காய்ச்ச விறகு போதாது. சோப்பு கேட்டபோது, சோப்பு ஆடம்பரப் பொருள் என்று அதிகாரிகள் சொன்னதை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆண்கள் இன்னும் போர்க்களத்தில் நிற்கும் குடும்பங்களுக்குத் தொடக்கத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த ரேஷன் கொடுக்கப்பட்டது. அதாவது கணவன் சரணடையாததற்குக் குழந்தையின் தட்டில் தண்டனை. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்த லிஸ்ஸி வான் ஜைல் என்ற சிறுமி, எலும்பும் தோலுமாகப் பொம்மையோடு கிடக்கும் புகைப்படம் இன்றும் அந்தப் போரின் சாட்சியாக இருக்கிறது. அவள் 1901இல் அந்த முகாமிலேயே இறந்தாள்.

மிகுதியான சாவுகளுக்குத் தட்டம்மை நோயும் அதைத் தொடர்ந்த நுரையீரல் அழற்சியும் டைஃபாய்டும் காரணம். தனித்தனிப் பண்ணைகளில் வளர்ந்து, தொற்றுநோய்களுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத குழந்தைகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் அடைத்து, அரைவயிற்று உணவும் அசுத்த நீரும் கொடுத்தால் நடக்கக்கூடியதே நடந்தது. 1901 அக்டோபரில் வெள்ளையர் முகாம்களின் இறப்பு விகிதம், ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கு 344ஐத் தொட்டது. போர் முடிவதற்குள் சுமார் 28,000 போயர்கள் முகாம்களில் இறந்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 22,000 பேர் 16 வயதுக்குட்பட்டவர்கள். இரு குடியரசுகளின் சார்பில் களத்தில் மாண்ட ஆண்களோ சுமார் 7,000 பேர்.

ஹாப்ஹவுஸின் அறிக்கை லண்டனைக் கலக்கியது. இது காட்டுமிராண்டி முறைகளால் நடத்தப்படும் போர் என்று எதிர்க்கட்சித் தலைவர் கேம்ப்பெல்-பானர்மன் கண்டித்தார். மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை அரசு அனுப்பியது. அக்குழு ஹாப்ஹவுஸ் சொன்னவற்றில் பெரும்பகுதியை உறுதிசெய்தது. நிர்வாகம் ராணுவத்திடமிருந்து குடிமை அதிகாரிகளுக்கு மாறியதும், தண்ணீரும் செவிலியரும் உணவும் சீரானதும், சில மாதங்களிலேயே இறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது. சரிசெய்ய முடிந்தது என்பதே, அதற்கு முன் நேர்ந்த சாவுகளைத் தவிர்த்திருக்க முடியும் என்பதற்குச் சான்று.

கணக்கில் வராத முகாம்கள்

கறுப்பினத்தவருக்குத் தனி முகாம்கள் இருந்தன. போரின் முடிவில் அவற்றில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அவர்களுக்கு உணவு இலவசம் இல்லை. ஆண்கள் பிரிட்டிஷ் படைக்கு வேலைசெய்ய அனுப்பப்பட்டார்கள். முகாமில் இருந்தவர்கள் தாங்களே சோளம் பயிரிடவேண்டும் அல்லது விலைகொடுத்து வாங்கவேண்டும். பதிவான சாவுகள் மட்டும் 14,000க்கு மேல். பதிவேடுகள் அரைகுறையானவை என்பதால் உண்மையான எண்ணிக்கை 20,000ஐத் தாண்டும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இங்கும் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். ஹாப்ஹவுஸ் இந்த முகாம்களைச் சென்று பார்க்கவில்லை. ஃபாசெட் குழுவும் பார்க்கவில்லை.

இரு தரப்பும் இதை ‘வெள்ளையரின் போர்’ என்றே அறிவித்திருந்தன. இந்தியச் சிப்பாய்களைக்கூடப் போர்முனையில் பிரிட்டன் இறக்காததற்கு இதுவே காரணம். ஆனால் உண்மையில், 10,000க்கும் அதிகமான கறுப்பினத்தவரைப் பிரிட்டன் ஆயுதம் கொடுத்து ஒற்றர்களாகவும் காவலர்களாகவும் வைத்திருந்தது. போயர்களும் ஆயிரக்கணக்கான கறுப்புப் பணியாளர்களைக் குதிரை பார்க்கவும் துப்பாக்கி சுமக்கவும் களத்துக்கு அழைத்துச்சென்றார்கள்.

இந்தியர்களும் தமிழர்களும்

பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது முதல், ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். காந்தி 1899இல் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையின் சுமார் 1,100 பேரில் 800 பேரளவில் இந்த ஒப்பந்தத் தொழிலாளர்களே. கொலென்சோவிலும் ஸ்பியோன் கோப்பிலும் காயம்பட்டவர்களை அவர்கள் தோளில் சுமந்து மைல்கணக்கில் நடந்தார்கள். போயர்களிடம் பிடிபட்டவர்களில் சுமார் 5,000 பேரை இலங்கையின் தியத்தலாவை முகாமிலும், இன்னும் பல ஆயிரம் பேரை இந்தியாவின் பல முகாம்களிலும் பிரிட்டன் அடைத்துவைத்தது. திருச்சிராப்பள்ளியும் அவற்றுள் ஒன்று.

டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தைப் போல வேறெதுவும் தனக்குச் சினமூட்டவில்லை என்று, போர் மூண்ட காலத்தில் பிரிட்டிஷ் அமைச்சர் லான்ஸ்டவுன் பேசினார். போர் முடிந்து டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் கைக்கு வந்தபோது, போயர் அரசு மெத்தனமாக விட்டிருந்த இந்திய எதிர்ப்புச் சட்டங்கள் முன்னிலும் கண்டிப்பாக அமலுக்கு வந்தன. 1907இல் கட்டாயப் பதிவுச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து எழுந்த சத்தியாகிரகத்தின் எதிர்முனையில் இருந்தவர் முன்னாள் போயர் தளபதி ஸ்மட்ஸ்.

ஃபெரீனிகிங் உடன்படிக்கையின் எட்டாவது பிரிவு

1902 மே மாதம் போயர்களின் பேராளர்கள் ஃபெரீனிகிங்கில் கூடினார்கள். சரணடைவதற்கு அவர்கள் அடுக்கிய காரணங்களில் முகாம்களில் சாகும் குடும்பங்களும், உணவின்மையும், கறுப்பின மக்களின் எழுச்சியும் இருந்தன. அந்த மாதம் 6ஆம் தேதிதான் ஹோல்க்ரான்ஸ் என்ற இடத்தில் ஜூலுக்கள் 56 போயர்களைக் கொன்றிருந்தார்கள். மே 31 இரவு பிரிட்டோரியாவின் மெல்ரோஸ் மாளிகையில் உடன்படிக்கை கையெழுத்தானது.

போயர்கள் பிரிட்டிஷ் மன்னரை ஏற்றார்கள். பதிலுக்கு, பின்னர் தன்னாட்சி தருவதாகவும், பண்ணைகளைச் சீரமைக்க 30 லட்சம் பவுண்டு கொடுப்பதாகவும் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. எட்டாவது பிரிவு ஒரே வரிதான்: தன்னாட்சி வழங்கப்பட்ட பிறகே பூர்வகுடியினருக்கு வாக்குரிமை அளிப்பது குறித்து முடிவெடுக்கப்படும். தன்னாட்சி வந்தபின் முடிவெடுக்கப்போவது யார்? வாக்குரிமையை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் வெள்ளையர்கள். எனவே ‘பிறகு’ என்ற சொல்லுக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று பொருள். கறுப்பின மக்களைப் பழைய நிலையிலேயே விட்டு வெட்கக்கேடான சமாதானத்தை வாங்கமாட்டோம் என்று ஓராண்டுக்கு முன் சொல்லியிருந்த காலனித்துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லினின் அரசே இதற்குக் கையெழுத்திட்டது.

விளைவுகள் அடுத்தடுத்து வந்தன. போர்க்காலத்தில் போயர்கள் விட்டுப்போன நிலங்களில், தங்கள் மூதாதையரின் மண் திரும்பக் கிடைத்துவிட்டதாக நம்பி உழுதுகொண்டிருந்த பெடி, க்கட்லா மக்களிடமிருந்து நிலம் மீட்கப்பட்டுப் பழைய உரிமையாளர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அதை உறுதிசெய்தது பிரிட்டிஷ் நிர்வாகம். 1907இல் டிரான்ஸ்வாலும் ஆரஞ்சு நதிக் குடியேற்றமும் (முன்னாள் ஆரஞ்சு சுதந்திர நாடு) தன்னாட்சி பெற்றன. 1910 மே 31 அன்று, உடன்படிக்கையின் எட்டாவது ஆண்டு நாளில், தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. முதல் பிரதமர் போயர் தளபதி லூயி போத்தா. மேஃபெகிங் முற்றுகைக்குள் இருந்தபடி நாட்குறிப்பு எழுதிய சோல் பிளாட்ஜே, கறுப்பின மக்களுக்காக 1912இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பூர்வகுடியினர் தேசியக் காங்கிரசின் (பின்னாளைய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) முதல் செயலாளரானார். 1913 ஜூனில் பூர்வகுடியினர் நிலச்சட்டம் வந்தது. நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்தை ஒதுக்கி, அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்குவதை அது தடைசெய்தது. 1936இல் இது சுமார் 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2017 தணிக்கை காட்டிய 72 விழுக்காட்டுக்கான கணக்கு இந்த வரிசையில் வருகிறது.

அதே 1913இன் டிசம்பர் 16 அன்று, முகாம்களில் இறந்த 26,370 போயர் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நினைவுத்தூண் புளூம்ஃபொன்டெய்னில் திறக்கப்பட்டது. அதைத் திறந்துவைக்க அழைக்கப்பட்ட எமிலி ஹாப்ஹவுஸ் வரும் வழியிலேயே நோயுற்றதால், அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார். தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் இதே முகாம்களில் மடிந்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களையும் இந்நாளில் நினைப்பதல்லவா நீதி என்று அந்த உரையில் அவர் கேட்டிருந்தார். பின்னாளில் உரை மறுபதிப்பானபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது.